பைப்லைன் போட்ட வெள்ளிக்கிழமை

புதிதாகக் கல்யாணமானவன் கையில் லைவ் சர்வரின் சாவியைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தவர் முனுசாமி அண்ணன். அனுபவித்தவர்கள், ஐயப்பன்தாங்கலில் தண்ணீர் கேன் வாங்கும் அத்தனை குடும்பங்களும்.

சென்னீர்குப்பத்தில், நெல் விளைந்த சொந்த நிலத்தில் ஷெட் போட்டு, கேன் வியாபாரம் செய்தார் அண்ணன். கேன் கேட்க ஒரு செயலி. அதைப் பார்த்துக்கொள்ள நான். சனிக்கிழமைதோறும் ஒரு புது மாற்றம் ஏறியாக வேண்டும் என்பார். அதை கன்டெய்னரில் அடைத்து (செயலியை அதற்கு வேண்டிய சாமான் செட்டோடு ஒரே பெட்டியில் கட்டுவது, அவ்வளவுதான்), கட்டளை கட்டளையாகத் தட்டி சர்வரில் ஏற்றுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

என் மனைவி ஜெனிக்கு பெங்களூரில் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு நான் அவள் முகத்தைப் பார்த்ததைவிட, பூந்தமல்லியில் பெங்களூர் பேருந்துகளின் முதுகைப் பார்த்ததே அதிகம்.

இந்த வேலையெல்லாம் தானாக நடந்துவிட்டால் வெள்ளிக்கிழமை மாலையே கிளம்பிவிடலாமே!

“அண்ணே, ஒரு பைப்லைன் போடணும்.”

“ரோட்டை வெட்டணுமேப்பா, உடுவாங்களா?”

அது தண்ணீர்க் குழாய் இல்லை, நான் மாற்றத்தை அனுப்பினால் கட்டுவதும் ஏற்றுவதும் தானாக நடக்கும் ஏற்பாடு என்று விளக்கினேன். “அப்ப நீ இன்னா பண்ணுவே?” என்றார். (நியாயமான கேள்வி. பதில் பெங்களூரில் இருந்தது.)

ஒரு வெள்ளிக்கிழமை பைப்லைன் தயார். புதுப் பதிப்பு ஏறியதும் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அறிவிப்பு போகும். சோதனைக்கு எல்லாரும் ‘ஹலோ’ என்று அடிப்பார்கள். நான் அடித்தது: ‘ஜெனி, கிளம்பிட்டேன். கதவைத் தாழ்ப்பாள் போடாதே.’ சோதனை சர்வர்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்? பொத்தானைத் தட்டிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லிக்கு ஓடினேன்.

பேருந்தின் படியில் கால் வைக்கும்போது அண்ணனின் அழைப்பு.

“யோவ், யாருய்யா ஜெனி? ஊரே போன் பண்ணிக்கினு கீது! ‘ஜெனி ஊட்டுக்குப் போறது இருக்கட்டும், எங்க ஊட்டுக்கு எப்போ வருவீங்க’ன்றாங்க! பாரு, மறுபடியும் வந்துச்சு!”

மறுபடியுமா? அப்போதுதான் உறைத்தது. நான் எழுதிவைத்த அமைப்பில், ஏற்றுவது வாடிக்கையாளர்கள் புழங்கும் லைவ் சர்வரில். ஏறியதா என்று எட்டிப் பார்ப்பது சோதனை சர்வரில். அங்கே காணோமே என்று, பைப்லைன் மறுபடி ஏற்றியது. மறுபடி ஜெனிக்குச் சேதி சொன்னது. என்னைவிட ஏக்கமாக இருந்தது அதற்கு.

“தம்பி, ஏறு இல்ல எறங்கு,” என்றார் நடத்துநர். இறங்கினேன்.

ஆட்டோ பிடித்து ஷெட்டுக்குப் போய் பைப்லைனை நிறுத்தியபோது, வெளியே நெடுஞ்சாலையில் ஒரு பெங்களூர் பேருந்து போனது. என்னுடையதா என்று தெரியாது. என் கை தானாக உயர்ந்து டாட்டா காட்டியது.

ஜெனி கூப்பிட்டாள். ஐயப்பன்தாங்கலில் இருக்கும் அவள் அம்மாவும் எங்கள் வாடிக்கையாளர்.

“அம்மா இப்பதான் போன் பண்ணாங்க. ‘மாப்ள கெளம்பிட்டாராம்மா, அதுக்கு ஏன் தண்ணி கம்பெனி வழியா சொல்றாரு’ன்னு கேக்கறாங்க!” மூச்சு வாங்கச் சிரித்தாள். பிறகு, “பஸ் ஏறிட்டீங்களா?”

“இல்ல ஜெனி.”

அவளுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது.

“ரெண்டு பேருக்கு அரிசி போட்டுட்டேன்,” என்றாள்.

அடுத்த வாரம் பைப்லைனைச் சரிசெய்தேன். இன்றுவரை ஒழுங்காக ஓடுகிறது. ஜெனியும் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். மகள் பிறந்தபோது, ஆஸ்பத்திரியில் குழந்தையை எட்டிப் பார்த்த முனுசாமி அண்ணன், “இது டெஸ்ட்டா, லைவாப்பா?” என்றார். ஞானஸ்நானம், பிறந்தநாள் என்று எந்த விசேஷத்திலும் என் மாமியார் அந்தத் தண்ணி கம்பெனி சேதியைச் சொல்லாமல் சோறு பரிமாறுவதில்லை. நானும் சிரிக்கிறேன். ஆனால் அன்று பெங்களூரில் எனக்காக ஒரு தட்டில் ஆறிப்போன அந்தச் சோற்றைச் சாப்பிட, இன்றைக்கு டிக்கெட் கிடைத்தாலும் கிளம்பிவிடுவேன்.