கோல்கீப்பரிடம் கேட்ட நடுவர்

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் அக்கா நலம். நான் நாசமாய்ப் போய்க்கொண்டிருக்கிறேன், எல்லாம் உன் புண்ணியத்தில்.

போன மாதம் கால்பந்து ஆட்டத்துக்கு நான் விசிலோடு இறங்கியதும், எவனோ ஒருவன் என் தொப்பையைப் பார்த்து, "நடுவர் ரெண்டு பந்தோட வந்திருக்காரு" என்று கத்தினான். அதை உன்னிடம் வந்து சொன்னேன் பார், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஜிம்மில் நாலு பேருக்கு வெயிட் தூக்கச் சொல்லிக்கொடுத்தால் நீ டாக்டரா? "சோறு, ரொட்டி, கிழங்கு, சர்க்கரை எல்லாத்தையும் நிறுத்துங்க மாமா. முட்டை, கறி, கீரை போதும். கொழுப்பை எரிச்சே ஓடுவீங்க" என்றாய். தொப்பை இறங்கியது, ஒத்துக்கொள்கிறேன். கூடவே காலும் இறங்கிவிட்டது. நடக்கச் சொல், ஊரையே சுற்றி வருகிறேன். விரட்டி ஓடச் சொன்னால், கேஸ் தீர்ந்த அடுப்பு மாதிரி பொசுக்கென்று அணைந்துபோகிறேன். சனிக்கிழமை ஆட்டத்தில் பந்து அந்தக் கோடியில் கோலுக்குள் பாய்கிறது, நான் மைதானத்தின் நடுவில் முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறேன். பாதிப் பேர் கோல் என்கிறார்கள், பாதிப் பேர் இல்லை என்கிறார்கள். நான் எதைக் கண்டேன்? தள்ளாடிப் போய்க் கோல்கீப்பரிடமே கேட்டேன்.

"தம்பி, உள்ள போச்சா?"

"இல்ல சார்" என்றான். சரி என்று ஆட்டத்தைத் தொடரச் சொல்லிவிட்டேன். பந்து அவன் முதுகுக்குப் பின்னால் வலையில் கிடக்கிறது, மச்சான்.

இத்தனை வருஷத்தில் என் விசிலுக்கு ஒருவன் எதிர்த்துப் பேசியதில்லை. இப்போது உன் அக்காவே, "கதவைப் பூட்டிட்டீங்களா, இல்ல திருடன்கிட்ட கேட்டுக்கலாமா?" என்கிறாள். மாசக் கடைசியில் ஓட்டத் தேர்வு வைக்கிறார்களாம். தேறாவிட்டால் விசிலைக் கோட்டோரம் கொடி பிடிக்கிறவனிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த ஆள் இப்பவே கண்ணாடி முன்னால் ஊதிப் பழகுகிறானாம். எனக்கு வயிறு எரிகிறது. இன்று முதல் சோறுதான். என் தட்டைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேசினால் நீ இந்த வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம்.

குழந்தைகளுக்கு என் ஆசி. உனக்குக் கிடையாது.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டிய பாவி

பி.கு.: இதைத் தபாலில் போட மறந்தே போனேன். அதற்குள் ஓட்டத் தேர்வும் முடிந்துவிட்டது. சோறு தின்ற காலுக்கு என்ன குறை, தேறிவிட்டேன், விசில் என்னிடம்தான். தேர்வு எடுத்தவர் கைகொடுத்துவிட்டு என் சட்டையைப் பார்த்தார். "ஒரு பந்தைக் காணோம்னு தேடிக்கிட்டிருந்தோம். நீங்கதான் எடுத்து வச்சிருக்கீங்களா சார்?" என்றார். அந்த முட்டை, கீரைக் கணக்கை மறுபடி எழுதி அனுப்பு. ஆட்டம் இருக்கிற நாளுக்கு மட்டும் சோறு என்று போடு. வாசலையும் மிதிக்கலாம்.