நீந்தாதவரின் ஸ்கூபா அட்டவணை

இக்கதையைக் கேட்பவர் முதலில் மூன்று செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கும் ஸ்கூபாவுக்குச் சான்று அட்டை தேவை. அதை வழங்கும் அமைப்புகள் பல. ஒவ்வொன்றும் தன் பயிற்சியே தரமானது என்று சாதிக்கும். இது முதலாவது. எந்த அமைப்பின் அட்டையை வைத்திருந்தாலும் தனியாக மூழ்கலாகாது, உடன் ஓர் இணை வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவது சற்றே நுட்பமானது. தராசார் தம் திருமணத்துக்கு முன்பு, தாம் கல்லூரியில் நீச்சல் சாம்பியன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். அவருக்கு நீந்தத் தெரியாது.

தராசார் என்பது அலுவலகத்தார் இட்ட பட்டப்பெயர். கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரையிடும் ஆய்வாளர் அவர். ஒப்பிடாமல் எதையும் வாங்கார். சென்ற ஆண்டு ஒரு பற்பசையைத் தேர்ந்தெடுக்க இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். அதுவரை வீட்டினர் பழைய குழாயை நசுக்கியும், சுருட்டியும், இறுதியில் கத்தரித்தும் பல் துலக்கினர்.

மனைவி, அறுவை அரங்கில் மயக்க மருந்துக் கருவிகளைக் கவனிப்பவர். ஒரு மாலை, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினார்.

"ஏங்க, எனக்கு முப்பது நாள் லீவு கெடச்சிருக்கு. ரெண்டு பேரும் ஸ்கூபா கத்துக்கலாம். அடுத்தவங்களை மூச்சு விட வெச்சே என் காலம் போகுது. நானும் கொஞ்சம் வித்தியாசமா விட்டுப் பாக்குறேனே."

தராசாரின் கையிலிருந்த தலையணை உறை நழுவியது.

"நீங்கதான் சாம்பியனாச்சே, உங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி."

"ஜுஜுபிதான். ஆனாலும் ஆழம் தெரியாம காலை விடக் கூடாது பாரு. எந்த அமைப்போட பயிற்சி உசத்தின்னு மொதல்ல ஒப்பிட்டுப் பாக்கணும்."

"தெரிஞ்சா மட்டும் விட்டுடுவியாடா?" என்றது சோபாவிலிருந்து ஒரு குரல். அது தராசாரின் அம்மா. தொலைபேசி நிலையத்தில் முப்பது ஆண்டுகள் பிறர் பேச்சை இணைத்தவர். ஓய்வு பெற்றபின் பிறர் பேச்சில் தாமே இணைந்துகொள்பவர்.

மறுநாள் உணவு இடைவேளையில் தராசார் இரண்டு அமைப்புகளின் விதிகளைப் படித்தார். ஓர் அமைப்பு இருநூறு மீட்டர் வெறுங்காலோடு நீந்தச் சொன்னது. மற்றொன்று, மாஸ்க்கும் துடுப்புக் காலணியும் அணிந்துகொண்டால் முந்நூறு மீட்டர் என்றது. பத்து நிமிடம் மிதக்கச் சொல்வதில் இரண்டும் ஒற்றுமையாக இருந்தன. மூழ்கப் போகிறவனுக்கு மிதக்க எதற்குத் தெரியவேண்டும் என்ற நியாயமான கேள்விக்கு இரண்டிலும் விடையில்லை.

மறுத்தால் குட்டு வீட்டில் உடையும். ஒப்பினால் குளத்தில் உடையும். ஆனால், ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால்? மனைவியின் விடுமுறை முப்பது நாள். ஒப்பீடு முப்பத்தொரு நாள் நீண்டால் மானம் பிழைக்கும்.

சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச்சுவரில் அட்டவணை ஏறியது. இடப்பக்கம் அ அமைப்பு, வலப்பக்கம் ஆ அமைப்பு. ஊரில் இரண்டுக்கும் பயிற்சிக் குளம் இருந்தது. தராசாருக்கு அலுவலகம், ஆகவே கேள்விகளைக் கொண்டுபோய்க் கேட்டு வருவது மனைவியின் வேலையாயிற்று. துணைக்கு அம்மாவும் போனார்.

"மாஸ்க்கைத் தண்ணிக்குள்ளயே கழட்டி மாட்டணுமாமே, அதை எப்படி வாங்குறாங்க?"

"ரெண்டு இடத்துலயும் அது உண்டாம்."

"உண்டுன்னா? மண்டி போட்டா, மிதந்துக்கிட்டா? எத்தனை மீட்டர்ல? ஒரு தடவை செஞ்சா விட்டுடுவாங்களா, சரியா வர்ற வரைக்கும் விடமாட்டாங்களா? இப்படி மொட்டையா வந்து நின்னா எப்படி?"

"நாளைக்கு முழுசாக் கேட்டுட்டு வர்றேங்க."

மறுநாள் விடை முழுமையாகவே வந்தது. "அ-ல மண்டி போட்டு. ஆ-ல மிதந்துக்கிட்டே. தண்ணி உள்ள வந்ததும் கண்ணு எரியும். பதறக் கூடாது. தலையை அண்ணாந்து மூக்கால ஊதினா வெளிய போயிடும்."

தராசார் மகிழ்ந்து எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார். "தலை ஏன் ஈரமா இருக்கு?"

"மழைங்க."

"வெளிய வெயில் கொளுத்துது!"

"அந்தப் பக்கம் பெஞ்சுது."

"அங்க மட்டும்தான் பெஞ்சுது," என்றார் அம்மா. அவர் தலையும் நனைந்திருந்தது.

எடையில் அரை கிராம் குறைந்தாலும் கண்டுபிடிக்கும் தராசார், இதைக் கண்டுபிடிக்கவில்லை. ஏனெனில் விவரம் துல்லியமாக இருந்தது. துல்லியமான விவரத்தின் முன் அவர் குழந்தை. கேள்விகள் இருபதாயின, முப்பதாயின. காற்று தீர்ந்தால் இணையிடம் எப்படிச் சைகை காட்டுவது? மேலேறும்போது நிமிடத்துக்கு எத்தனை மீட்டர்? ஓர் ஆசிரியரின்கீழ் எத்தனை மாணவர்? ஒவ்வொன்றுக்கும் விடை, நேரில் கண்டாற்போல வந்து விழுந்தது.

முப்பதாம் நாள் தராசார் நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து தீர்ப்புரைத்தார்.

"நாப்பத்தோரு கேள்வி. ரெண்டு அமைப்புக்கும் குறைந்தபட்ச அளவுகோல் ஒண்ணுதான். அ-ல ஆசிரியருக்கு எட்டு மாணவர், ஆ-ல நாலு. அதைத் தவிர ஏத்தத்தாழ்வே இல்ல. சொல்லித் தர்ற ஆளைப் பொறுத்துதான் எல்லாம். அதனால அவசரப்பட்டு முடிவு..."

மனைவி மேசைமேல் ஓர் அட்டையை வைத்தார். அதில் அவருடைய படம் இருந்தது.

"என்னது இது?"

"அ."

பக்கத்தில் இன்னொன்றை வைத்தார். "இது ஆ. எது உசத்தின்னு நீங்க முடிவே பண்ணலையா, ரெண்டையும் முடிச்சுட்டேன்."

"எப்ப?"

"நீங்க கேள்வி கேக்கக் கேக்க. 'இறங்கிப் பாத்தாத்தாம்மா தெரியும்'னார் பயிற்சியாளர். இறங்கினேன். உங்க முப்பத்தெட்டாவது கேள்விக்குக் கடல்ல பதினெட்டு மீட்டர் போகவேண்டியதாப் போச்சு."

தராசாருக்குள் பெருமூச்சொன்று நிம்மதியாக எழுந்தது. தேர்வு நடந்து முடிந்துவிட்டது; தாம் இல்லாமலே முடிந்துவிட்டது! துணிச்சல் தானாகவே வந்தது.

"அடடா, நானும் வந்திருப்பேனே! இப்ப இணையில்லாம நீ எப்படி..."

"நகருடா," என்று அவரை ஒதுக்கிவிட்டு, அம்மா தம் அட்டைகள் இரண்டையும் மேசையில் வைத்தார்.

"நீயா? உனக்கு அறுபத்திரண்டு வயசும்மா!"

"டாக்டர் கையெழுத்துப் போட்டாச்சு. என் நெஞ்சு உன்னோடதை விட உறுதியாம்."

"மாமியாரும் மருமகளும் இவ்வளவு ஒத்துமையா இருந்து பாத்ததே இல்லைன்னார் பயிற்சியாளர்," என்றார் மனைவி.

"பின்னே? அடியில போனாப் பேச முடியாதே!"

தராசார் இறுதியாக ஒரு துரும்பைப் பற்றினார். "சாம்பியன் நான் இருக்கும்போது..."

"ஏங்க, கல்யாணமான மறுநாளே அத்தை எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. பக்கெட் நிறைஞ்சாலே ரெண்டடி தள்ளி நிப்பீங்களாமே."

"தெரிஞ்சும் எதுக்கு என்னைக் கூப்பிட்ட?"

"கூப்பிடலேன்னா இந்த அட்டவணையைப் போட்டிருப்பீங்களா? என்னென்ன கேக்கணும், எதெதைச் சரிபாக்கணும்னு எனக்கு யாருங்க இவ்வளவு கருத்தாச் சொல்லுவாங்க?"

பின்னர் முடிவானவை வருமாறு. மாமியாரும் மருமகளும் வெள்ளிக்கிழமைப் படகில் கடலுக்குப் போவர். தராசார் கரையில் அமர்ந்து செருப்புகளைப் பார்த்துக்கொள்வார். அட்டவணையைச் சட்டமிட்டு மாட்ட இரண்டு பயிற்சிக் குளத்தாருமே கேட்டிருக்கிறார்கள். தராசாரையும் ஒரு நீச்சல் வகுப்பில் சேர்த்தாயிற்று. ஒப்பிட்டுப் பார்க்க ஊரில் வேறு வகுப்பு இல்லை. முதல் பாடம், நீரில் முகம் புதைத்துக் குமிழி விடுதல். அதில் அவர் இரண்டாமிடம். முதலிடம் பெற்றவருக்குப் பால்பல் ஒன்றுகூட இன்னும் விழவில்லை.