நூற்றுப் பன்னிரண்டாம் பாடம்

தோற்றுப் போகிறவர்களில் பெரும்பாலோர் சாதாரண மனிதர்கள். தோற்றால் அழுவார்கள், கண்ணில் பட்டவரைத் திட்டுவார்கள், ஒரு வேளை சாப்பிடாமல் படுப்பார்கள், மறுநாள் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். அவர்களை விட்டுவிடுவோம். நாம் பார்க்கப் போவது வேறோர் இனம். தோற்றவுடன் முகம் மலர்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "இதுவும் ஒரு பாடம்தான்" என்று சொல்லும் இனம். பஸ்ஸைத் தவறவிட்டால் நமக்கு எரிச்சல் வரும். இவர்களுக்கு ஞானம் வரும். அனுபவஸ்தர் என்று பெயர். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார், தெருவில் இரண்டு பேர் இருக்கிறார்கள். இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்கிறீர்களா? அதைப் பற்றிக் கடைசியில் பேசிக்கொள்வோம்.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது நாற்பத்தாறு. துணியில் படம், எழுத்து, எண் எல்லாம் அச்சடித்துக் கொடுக்கும் சின்னக் கடையின் முதலாளி. சட்டைப் பையில் இரண்டு பேனா, கக்கத்தில் சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு. நோட்டின் முதல் பக்கத்தில் 'நான் கற்ற பாடங்கள்' என்று எழுதி, கீழே இரட்டைக் கோடு இழுத்திருப்பார். பாடங்களுக்கு வரிசை எண் உண்டு. தேதி உண்டு. சிலவற்றுக்குக் கையெழுத்துகூட உண்டு.

முதல் பாடம் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. கணக்குப் பரீட்சையில் முன்பக்கத்துக் கணக்குகளைக் கொட்டை எழுத்தில் போட்டு, விடைக்கெல்லாம் கட்டம் கட்டி, அரை மணி நேரம் முன்னதாகவே எழுந்து, இன்னும் எழுதிக்கொண்டிருந்த மற்ற பிள்ளைகளை இரக்கத்தோடு பார்த்தபடி வெளியே வந்தார். வினாத்தாளுக்குப் பின்பக்கம் ஒன்று இருந்தது.

"திருப்பிப் பாக்கலியாடா?" என்றார் அப்பா, மார்க் வந்த அன்று.

"இந்தப் பரீட்சை எனக்குப் பொறுமைன்னா என்னன்னு சொல்லிக் கொடுத்திருக்குப்பா."

அப்பாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. முதுகில் நாலு வைத்தார். அடுத்த பரீட்சைக்கு வேறு வினாத்தாள் வந்தது. அதற்கும் பின்பக்கம் இருந்தது.

விளையாட்டை விட்டாரா? மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டிய ஓட்டப் பந்தயத்தில், முதல் சுற்று முடிந்ததும் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டவர் இவர்தான். மற்றவர்கள் அவரைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். எத்தனை சுற்று என்று கேட்டிருக்கலாம். நோட்டில் என்ன எழுதினார் தெரியுமா? 'வெற்றி என்பது மனத்தில் இருக்கிறது.' பிறகு வேலைக்குப் போனார். மேலாளரைப் பற்றி நண்பருக்கு எழுதிய இரண்டு பக்கப் புலம்பலை, மேலாளர் உட்பட ஆபீஸ் முழுமைக்கும் அனுப்பிவைத்தார். 'வெளிப்படையானவனை உலகம் சோதிக்கும்.' அடுத்த ஆபீசிலும் அதே சோதனை வந்தது, இந்த முறை மேலாளரின் போட்டோவுடன்.

இப்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அனுபவஸ்தர் கற்கும் பாடங்கள் எல்லாமே பெரிய சைஸ். பொறுமை, வெற்றி, வாழ்க்கை, உலகம். தாளைத் திருப்பிப் பார், எத்தனை சுற்று என்று கேள், யாருக்கு அனுப்புகிறாய் என்று ஒரு தடவை பார் என்பது மாதிரியான சில்லறைப் பாடங்களுக்கு அந்த நோட்டில் இடம் கிடையாது. சில்லறையை எல்லாம் வீட்டில் வேறொருவர் பொறுக்கிக்கொள்கிறார்.

அந்த வேறொருவர் அவருடைய மனைவி. துணி ஆலையில் தையல் பிரிவில் பதினாறு வருஷம் இருந்தவள். கணவர் மூன்றாவது ஆபீசிலிருந்தும் பாடத்தோடு வந்த பிறகு, ஆலை வேலையை விட்டுவிட்டு, அவரோடு சேர்ந்து இந்தக் கடையைத் தொடங்கினாள். தைப்பது அவள், அச்சடிப்பது அவர். அவளிடம் நோட்டு எதுவும் இல்லை.

அச்சு வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரில் படத்தை எடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்பித் தாளில் அச்சடிக்க வேண்டும். அந்தத் தாளைத் துணிமேல் கவிழ்த்துச் சூட்டு இயந்திரத்தில் வைத்து அமுக்கினால் துணியில் நேராக விழும். திருப்புவதற்குத் திரையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் ஒரு டிக் போட வேண்டும். அவ்வளவுதான் தொழில் ரகசியம்.

கடை திறந்த முதல் மாதம் ஒரு கம்பெனிக்கு இருபது துணிப்பைகள். அனுபவஸ்தர் டிக் போடவில்லை. கம்பெனியின் பெயர் பைகளில் பின்னாலிருந்து முன்னால் வந்தது. அறுபத்தோராம் பாடம்: 'எதையும் அடுத்தவர் பக்கத்திலிருந்து பார்க்கப் பழகு.' பிறகு புதுமணத் தம்பதிக்குத் தலையணை உறைகள். மறுபடி டிக் இல்லை. எண்பத்து மூன்றாம் பாடம்: 'அன்புக்கு எழுத்து தேவையில்லை.'

இப்படியிருக்கும்போதுதான் பள்ளிக்கூடத்து ஆர்டர் வந்தது. விளையாட்டுப் போட்டிக்கு நாற்பது மஞ்சள் ஜெர்சி, முதுகில் ஒன்று முதல் நாற்பது வரை எண். வெள்ளிக்கிழமை காலையில் கொடுக்க வேண்டும்.

"இது நல்லா வந்துச்சுன்னா வருஷம் முழுக்க யூனிஃபார்ம் உங்களுக்குத்தான்க்கா" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனாள் விளையாட்டு டீச்சர். "சொதப்பினா ஹெட்மாஸ்டர் என்னத்தான் கேப்பாரு."

சொதப்பினால் என்ன ஆகும் என்று மனைவிக்கு டீச்சர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடையில் வேறு ஆர்டர் கிடையாது. இதுவும் போனால் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, இந்த வயதில் ஆலை வாசலில் போய் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

புதன்கிழமை மத்தியானம் நாற்பதாவது ஜெர்சியின் கழுத்தைத் தைத்து முடித்து எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்தாள்.

"என்னங்க, அந்த டிக்கு..."

"நான் என்ன இன்னிக்கு நேத்தா இந்தத் தொழில் பண்றேன்? நீ போய்க் கொஞ்ச நேரம் படு."

ஆலையில் சேர்ந்த நாளிலிருந்து அவளை யாரும் மத்தியானம் படுக்கச் சொன்னதில்லை. படுத்தாள். ஐந்து மணிக்கு எழுந்து வந்து பார்த்தபோது நாற்பது ஜெர்சியும் கொடியில் வரிசையாகத் தொங்கின. மூன்று திரும்பி நின்றது. ஏழு எதிர்ப்பக்கம் பார்த்தது. இருபத்தைந்து எந்த மொழி என்றே தெரியவில்லை. அந்த மை துணியோடு ஒட்டினால் ஒட்டினதுதான், துவைத்தாலும் போகாது.

அனுபவஸ்தர் ஏற்கெனவே நிலைமையை ஆராய்ந்து முடித்திருந்தார். "ஒண்ணு, எட்டு, பதினொண்ணு மூணும் சரியா வந்திருக்கு பாரு. எவ்வளவு பெரிய சோதனையிலயும் ஏதோ ஒண்ணு தப்பிக்குது."

"நீங்க எப்படிப் போட்டாலும் அது மூணும் அப்படித்தாங்க வரும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்து என்ன வரும் என்பது அவளுக்குத் தெரியும். "இதுவும் ஒரு..."

"வாயத் திறந்தீங்க, நடக்கறதே வேற!"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ நேரமில்லை. அலமாரியின் அடித்தட்டில் ஜெர்சித் துணியிலேயே வெள்ளை மிச்சம் இருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் தானே உட்கார்ந்து, கட்டத்தில் டிக் போட்டு, போட்டது விழுந்ததா என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை பார்த்து, வெள்ளைத் துணியில் முப்பத்தேழு எண்களை அடித்தாள். வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து தையல்தான். ஜெர்சித் துணி இழுத்தால் இழுபடும். நேரே மெஷினில் கொடுத்தால் சுருங்கிவிடும். ஒவ்வொரு துண்டையும் தப்பு எண்ணின் மேல் வைத்துக் குண்டூசி குத்தி, கையால் ஓட்டுத்தையல் போட்டு, பிறகுதான் மெஷின். பதினெட்டாம் எண்ணில் ஊசி விரலில் ஏறியது. துணியில் ரத்தம் படக்கூடாதே என்று துணி நாடாவைச் சுற்றிக்கொண்டு பத்தொன்பதை எடுத்தாள். இதே மனிதர் கழுத்தை இதே நாடாவால் நெரித்தால் என்ன என்று அவளுக்கு இரண்டு முறை தோன்றியது. இருபத்தேழிலும் முப்பத்து நாலிலும்.

அனுபவஸ்தர் சும்மா இருந்தார் என்று நினைக்கக்கூடாது. டீ போட்டுக் கொடுத்தார். நூல் கோத்துக் கொடுத்தார். நடுநடுவே நோட்டைத் திறந்து, நூற்றுப் பன்னிரண்டு என்று எண் போட்டு, பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

வெள்ளிக்கிழமை காலை டீச்சர் ஒரு ஜெர்சியை விரித்துப் பிடித்தாள்.

"என்னக்கா இது, வெள்ளைத் துண்டு வச்சுத் தச்சிருக்கீங்க?"

மனைவி வாயைத் திறப்பதற்குள் டீச்சரே சொன்னாள்: "தூரத்திலருந்து பளிச்சுனு தெரியுது! போன வருஷம் நம்பரே தெரியாம யாரு ஜெயிச்சாங்கன்னு அரை மணி நேரம் சண்டை. இனிமே எல்லாம் இப்படியே தச்சுக் குடுங்க. யூனிஃபார்ம் அளவெடுக்க எப்ப வர்றீங்க?"

மனைவிக்கு அந்த டீச்சரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் அனுபவஸ்தர் தொண்டையைக் கனைத்தார்.

"ஒரு சவால் வந்துச்சு டீச்சர். அத வாய்ப்பா மாத்திக்கிட்டோம்."

டீச்சர் மலைத்துப் போனாள். "சார், நீங்க ஒரு நாள் எங்க பசங்ககிட்ட வந்து பேசணும்."

பேசினார். முக்கால் மணி நேரம், நோட்டைப் பார்த்து. ஊக்கத்தோடு கடைக்குத் திரும்பியவர், நூற்றுப் பன்னிரண்டுக்கு எதிரே இன்னும் காலியாக இருந்த இடத்தை நிரப்பலாம் என்று நோட்டைப் பிரித்தார். அங்கே யாரோ ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். துணியில் அளவு குறிக்கும் பென்சில், கோணல் எழுத்து: 'அச்சடிக்கும் முன் கட்டத்தில் டிக் போடு.'

அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"ஏம்மா, இதுல பாடம் எங்க இருக்கு? இது வெறும் வேலைதானே?"

மனைவி அவரைப் பார்த்தாள். கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அதுவும் களைத்துப்போன சிரிப்பு. எழுந்து போய்க் கம்ப்யூட்டரை மேஜையோடு தன் தையல் மெஷின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"டிக்க இனிமே நான் போட்டுக்கிறேங்க. நீங்க பாடத்தப் பாத்துக்குங்க."

அனுபவஸ்தர் நெகிழ்ந்துவிட்டார். பென்சில் எழுத்தை ரப்பரால் மெல்ல அழித்து, அந்த இடத்தில் பேனாவால் எழுதினார்: 'பொறுப்பைப் பகிர்ந்து கொடுப்பவனே தலைவன்.' கீழே கையெழுத்தும் போட்டார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. போன மாதம் கைநழுவிப்போன காரியத்தைப் பற்றி நண்பர்களிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஒரு நல்ல அனுபவம்" என்றுதானே? அந்த அனுபவத்துக்கு நடுவே மறந்துபோன சாவியைத் தேடி எடுத்தது யார், விடுபட்ட தாளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார், உங்களுக்குப் பதிலாக மன்னிப்புக் கேட்டது யார்? ஞாபகம் வரவில்லை என்றால் பரவாயில்லை. எழுந்து அடுத்த அறைக்குப் போய், அங்கே இருப்பவரின் விரலை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.