இருப்புக்காரர் கடையில் ஒரு மூட்டை அரிசி

விற்கக் கூடாது என்பதற்காகவே கடை நடத்திய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் திருப்பூர்த் தெருவில் ரேஷன் கடை வைத்திருந்தார். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் இருப்புக்காரர்.

அறுபதுகளின் நடுவில் அரிசிக்கு நாடே அலைந்துகொண்டிருந்த காலம். கார்டுக்கு அரிசி போடும் கடைக்காரர் அரிசி, கோதுமை, சர்க்கரை மூன்றிலும் எந்நேரமும் வகைக்கொரு மூட்டையாவது கையிருப்பு வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் லைசென்ஸ் ரத்து என்று ஒரு சட்டம். ஜனங்கள் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று யாரோ ஒரு புண்ணியவான் போட்டது. அதே சட்டத்தை வைத்துக்கொண்டு இருப்புக்காரர் எங்களை வெறுங்கையோடு அனுப்பிக்கொண்டிருந்தார்.

கடை வாசலில் 'வரிசையில் வரவும்' என்று அவர் எழுதி வைத்த போர்டு. கடையின் ஓரத்தில் ஒரு பலகை. அதன் மேல் மூன்று மூட்டைகள். ஒவ்வொன்றுக்கும் விபூதிப் பட்டை, குங்குமம். மற்ற மூட்டைகள் தீர்ந்த பிறகு யார் போய் நின்றாலும் ஒரே பதில்தான்.

"அரிசி இருக்குதுங்களாண்ணா?"

"இருக்குதுங்க. ஆனா குடுக்கறதுக்கு இல்லீங்க."

ஒருமுறை போலீஸ்காரர் ஒருவர், வீட்டுக்கு ஒறம்பரை வந்திருக்கிறார்கள், காப்பிக்குக் கொஞ்சம் சர்க்கரை வேண்டும் என்று மீசையை முறுக்கிக்கொண்டு வந்து நின்றார். இருப்புக்காரர் கைகட்டிப் பணிவாகச் சொன்னார். "குடுத்தா இருப்பு கொறையுமுங்க. கொறைஞ்சா நீங்களே வந்து என்னையப் புடிக்கோணுமுங்க. உங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்?" போலீஸ்காரர் அதை யோசித்துக்கொண்டே போனார். ஒறம்பரைக்குக் கருப்பட்டிக் காப்பிதான் கிடைத்தது.

எலிக்காக ஒரு பூனை வளர்த்தார். அது கோதுமை மூட்டையின் மேல் குட்டி போட்டுவிட்டது. குட்டிகள் கண் திறக்கும்வரை கடைக்குள் யாரும் சத்தம் போட்டுப் பேசக் கூடாது என்று உத்தரவு. ரேஷன் கடையில் எங்கள் தெருப் பெண்கள் குசுகுசுவென்று சண்டை போட்டது அந்தப் பத்து நாள்தான்.

அதிலும் ருக்மணி அக்கா இருக்கிறாளே, பனியன் கம்பெனியில் கை மடித்துத் தைக்கிறவள், அவள் வாய்க்கு ஊரே பயப்படும். "அந்த மூட்டையக் கட்டிக்கிட்டே அழுவுங்க!" என்று திட்டாமல் அவள் கடைப்படி இறங்கியதில்லை. இவரும் "சரிங்கம்முணி" என்று தலையாட்டுவார்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நொய்யலில் வெள்ளம், அரிசி லாரி அக்கரையில் நின்றுவிட்டது. நூல் வராமல் கம்பெனிகளும் மூடிவிட்டன. தெருவில் பாதி வீட்டில் அடுப்பு எரியவில்லை. போதாக்குறைக்கு, மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் இருப்பைப் பார்க்க வருகிறார் என்று தாலுகா ஆபீஸ் பியூன் வேறு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு மத்தியானம் ருக்மணி அக்கா கடை வாசலில் வந்து நின்றாள். பேசவில்லை. இருப்புக்காரருக்கே தாங்கவில்லை.

"என்னம்முணி, திட்டாம நிக்கறே?"

"திட்டறதுக்கு வவுத்துல எதாச்சும் வேணுமில்லீங்களாண்ணா."

அவர் எழுந்து பலகைக்குப் போனார். பிறகு அரிசி மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சாமி, மன்னிச்சுக்கோ" என்று சணல் தையலைப் பிரித்தார்.

தெருவே வரிசையில் வந்து நின்றது. கார்டைப் பார்த்து, சரியான விலைக்கு, சரியான எடை. முன்னால் வந்தவருக்கு முதலில். அதில் யாருக்கும் சலுகை இல்லை, அவர் சம்சாரத்துக்கும் சேர்த்துத்தான். அந்த அம்மா தண்ணீர் எடுத்துவிட்டு வந்ததால் கடைசி ஆளாக நின்றார். அவர் முறை வந்தபோது இருப்புக்காரர் சாக்கைத் தலைகீழாக உதறினார். "தீந்துருச்சு" என்றார். அந்த அம்மா பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பழைய அரிசி, பூவாகப் பொங்கியது. ஆனால் இருப்புக்காரர் வீட்டு அடுப்பு எரியாதபோது யாருக்கு இறங்கும்? ருக்மணி அக்கா அவர்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுபோனாள். "அது உன்ற கார்டு அரிசி, நீதான் திங்கோணும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அப்படி ஒரு ஜென்மம்!

மறுநாள் விடிந்ததும் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பெண்கள் வேலையை ஆரம்பித்தார்கள். நான் வேலை பார்த்த கம்பெனிக் கொட்டகையில் கிடந்த பனியன் வேஸ்ட்டை, கழித்த துண்டும் நூலுமாக, அள்ளிக்கொண்டு வந்தேன். காலிச் சாக்கில் அதைத் திணித்து, மேலாக வீட்டுக்கு ஒரு பிடி அரிசி தூவி, தைத்து, விபூதியும் பூசிப் பலகையில் ஏற்றிவிட்டோம். பார்ப்பதற்குப் பழைய மூட்டையைவிட லட்சணமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். எங்கள் கெட்ட நேரம், கையில் குத்தூசி. மூட்டையின் நடுவில் குத்தி இழுத்தார். வெள்ளையாக ஒரு நூல் வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

"இது என்னய்யா ரகம்?"

இருப்புக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து நூலைத் தடவிப் பார்த்தார். திருப்பூர்க்காரர் அல்லவா? "நாப்பதாம் நம்பர் நூலுங்க" என்றார்.

"அரிசி எங்கே?"

ருக்மணி அக்கா முன்னால் வந்தாள். "எங்க வவுத்துல இருக்குதுங்க. நாங்க அத்தன பேரும் கடைக்குள்ளதானுங்களே நிக்கறோம். இருப்பு செரியா இருக்குதான்னு பார்த்துக்குங்க."

இன்ஸ்பெக்டர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். குத்தூசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அப்பாடா என்று நாங்கள் மூச்சு விடுவதற்குள் இருப்புக்காரர் குறுக்கே பாய்ந்தார்.

"அதெல்லாம் செல்லாதுங்க. சட்டப்படி மூட்டை பலகை மேல இருக்கோணும். வித்தது நானு. லைசென்ஸ ரத்து பண்ணீருங்க."

"யோவ், சும்மா இருய்யா. நாளைக்கு லாரி வந்துடும். மூட்டையை ரொப்பி வை."

"அப்ப நாளைக்கு வரைக்கும் இந்தக் கடை சட்ட விரோதமுங்களா?"

இன்ஸ்பெக்டர் சைக்கிளில் ஏறி மிதித்தார். அந்த வேகத்தில் ஒரு அரசாங்க அதிகாரி போய் நான் பார்த்ததில்லை.

லாரி வந்தது. இறங்கிய முதல் மூட்டையைப் பெண்களே தூக்கிப் பலகையில் வைத்தார்கள். வரிசை நின்றது. அவர் சம்சாரம் அன்றும் வந்து கடைசியில்தான் நின்றார். எத்தனை கூப்பிட்டும் முன்னால் வரவில்லை.

"எல்லாரும் அந்தப் பக்கமாத் திரும்பி நில்லுங்க!" என்றாள் ருக்மணி அக்கா. தெருவே திரும்பியது. வால் தலையாகி, வளைந்து வந்து, சம்சாரத்தை முதல் ஆளாக்கிக் கடைக்கு முன்னால் நின்றது.

"இதென்ன அம்முணி, புதுச் சட்டமா இருக்குது?"

"வரிசைல வரோணும்னுதானுங்களே போர்டுல எழுதியிருக்கறீங்க. எந்தப் பக்கமிருந்துன்னு எழுதலையே."

அவர் போர்டை ஒருமுறை படித்துப் பார்த்தார். குற்றம் ஒன்றும் கிடைக்கவில்லை. சம்சாரத்தின் பையை வாங்கி அரிசியை அள்ளித் தராசில் போட்டார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகத் தட்டு கொஞ்சம் கூடுதலாகத் தாழ்ந்தது. அந்தக் கிறுக்கு மனிதர் மேல் எனக்கு எத்தனை பிரியம் என்று அந்த நிமிடம்தான் எனக்கே தெரிந்தது. கூடுதலாக விழுந்த பிடி அரிசியைத் திரும்ப எடுக்க அவர் கையை நீட்டினார். ருக்மணி அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டுமுங்ண்ணா."