போர்டில் ஏற இருந்த வார்த்தை

வீட்டில் இங்கிலீஷுக்கு அர்த்தம் சொல்லும் அதிகாரம் தனக்கு மட்டும்தான் என்று கல்யாணமான நாளிலிருந்து நம் ஏசி மெக்கானிக் நினைத்துக்கொண்டிருந்தார். மருந்து டப்பாவிலிருந்து ஷாம்பு பாட்டில் வரை மனைவி எதை நீட்டினாலும் "தெரியாது" என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. தெரியாத வார்த்தை என்றால் குரல் இன்னும் கொஞ்சம் கனமாகும், அவ்வளவுதான்.

அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. எச்சில் கை. முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினார். முந்தின நாள் அவர் ஏசி மாட்டிக் கொடுத்த வீட்டு அம்மாள். இங்கிலீஷில் பொரிந்து தள்ளினாள். இவர் எழுந்து நின்று "சாரி மேடம், சாரி மேடம்" என்றார். "யூ ஆர் லேக்கடெய்சிக்கல்!" என்று கத்திவிட்டு அவள் போனை வைத்தாள்.

"அப்படின்னா என்னங்க?" என்றாள் மனைவி.

மெக்கானிக்குக்கும் அந்த வார்த்தை புதிது. ஆனால் தண்ணீர் போகும் குழாயைச் சரியாகச் சொருகாமல், மெத்தை மேல் சொட்டவிட்டு வந்தவரை ஒருத்தி என்ன சொல்லுவாள்? பட்டமா கொடுப்பாள்?

"லேக்கடெய்சிக்கலா? அது வந்து... வேலையில புலின்னு அர்த்தம்."

"அடேங்கப்பா!"

குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு போனில் தேடினார். 'ஏனோதானோ ஆசாமி, எதிலும் அக்கறை இல்லாதவர்' என்று போட்டிருந்தது. முகம் சுண்டிப்போயிற்று.

மறுநாள் காலை வாசலில் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் மனைவி பீற்றிக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுக்காரர் பயங்கர லேக்கடெய்சிக்கல்!"

"ஐயோ பாவம். எங்க வீட்டுக்காரருக்கு வெறும் சுகர்தான்."

அந்த நேரம் பார்த்து மாடிவீட்டு இங்கிலீஷ் டீச்சர் படியிறங்கி வந்தார். மெக்கானிக் ஸ்கூட்டருக்குப் பின்னால் குனிந்து, இல்லாத பஞ்சரைத் தேடினார்.

"டீச்சர், எங்க வீட்டுக்காரர் லேக்கடெய்சிக்கல், தெரியுமா?"

"தெரியுமேம்மா. எங்க வீட்டு ஏசியும் இவர்தானே மாட்டினார்?"

மெக்கானிக்குக்குக் காது மடல் சுட்டது. உண்மையைச் சொன்னால் வீட்டில் மானம் போகும். சொல்லாவிட்டால் தெருவில் போகும். தெருவில் போவதே தேவலை என்று பஞ்சரைத் தேடுவதைத் தொடர்ந்தார்.

சாயங்காலம் மனைவி அடுத்த குண்டைப் போட்டாள். "கடைக்குப் புது போர்டு எழுதுறாங்கல்ல? உங்க பேருக்கு மேல அந்த வார்த்தையைப் போடச் சொல்லிட்டேன். சிவப்புல."

கையிலிருந்த ஸ்பேனர் காலில் விழுந்தது. வலிகூடத் தெரியவில்லை.

"வேண்டாம்மா! கொஞ்சம் அடக்கமா இருப்போமே."

"புலிக்கு என்னங்க அடக்கம்?"

"எழுத்து நிறைய. போர்டு கொள்ளாது."

"பெரிய போர்டாவே சொல்லியிருக்கேன்."

இனி ஒளிய இடமில்லை. தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கொட்டினார். குழாய், மெத்தை, ஏனோதானோ. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் வெட்கமாக இருந்தது. "முதல்ல போர்டுக்காரருக்குப் போன் போடும்மா" என்று கெஞ்சினார்.

"அவர்கிட்ட நான் எதுவுமே சொல்லலைங்க. உங்க வாயால வரட்டும்னுதான் காத்திருந்தேன்."

"அப்ப உனக்கு முன்னாடியே..."

"புலின்னு புகழ்ந்தா யாராவது எழுந்து நின்னு சாரி கேப்பாங்களா? அப்புறம் தட்டை அப்படியே வெச்சிட்டு பாத்ரூமுக்கு ஓடினீங்க. இதுக்கு மேல டிக்‌ஷனரி வேற வேணுமா?" என்று டூல்ஸ் பையை எடுத்து அவர் தோளில் மாட்டினாள். "கிளம்புங்க. போய் அந்தம்மா வீட்டுக் குழாயை ஒழுங்கா சொருகிட்டு வாங்க."

மெக்கானிக் வாசல் வரை போனார். ஏதோ உறுத்தியது. திரும்பினார்.

"அப்ப டீச்சர்கிட்ட, தையல்காரம்மாகிட்ட எல்லாம்... அர்த்தம் தெரிஞ்சேவா சொன்னே?"

"பின்னே? அர்த்தம் தெரியாத வார்த்தையை நான் வாயில எடுக்கறதே இல்லைங்க."