ரேமண்டிற்காகப் போட்ட நாற்காலி

க்ரேன்ஸ் ஹில், பென்சில்வேனியா
மார்ச் 9

அன்பிற்கும் சற்றே கண்டிப்பிற்கும் உரிய மகன் ரேமண்டிற்கு,

உன் அன்னை டோரதி வுகோவிச் எழுதிக்கொள்வது. இடது முழங்காலைத் தவிர இங்கு யாவும் நலம். கொலம்பஸில் நீயும் நலமாக இருப்பாய் என நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழி எதையும் நீ எனக்கு விட்டுவைக்கவில்லை.

ஈஸ்டருக்கு நீ வந்து வண்டி நிறுத்த நான் காத்து வைத்திருந்த இடம் பறிபோயிற்று என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம். ஆறு ஆண்டுகளுக்கு முன் நீ தொலைபேசியில் கூறியது ஒரு சொல்லும் மாறாமல் என் நினைவில் இருக்கிறது: "வந்தா வண்டிய எங்கம்மா நிறுத்துறது? போன தடவ முக்கா மணி நேரம் சுத்திட்டு, கடைசில மலைக்குக் கீழ விட்டுட்டு மூச்சு வாங்க ஏறி வந்தேன்." நியாயமான குறை. ஆகவே மறுநாளே, காலஞ்சென்ற உன் தந்தையின் மஞ்சள் நாற்காலியைச் சமையலறையிலிருந்து தூக்கி வந்து, நம் வாசலுக்கு எதிரே தெருவோரத்தில் போட்டேன். வண்டி நிறுத்த நாற்காலி போட்டுப் பிடித்த இடத்தை இவ்வூரில் எவரும் தொடுவதில்லை என்பதை நீ அறிவாய். பாதிரியாரே ஆனாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். பனி பெய்தால் அதைச் சுற்றி நானே வாரித் தள்ளினேன். எதிர்வீட்டுக் கார்மெல்லா மட்டும் ஜன்னலிலிருந்து, "அடியே டோரதி, உம் மவன் வர்றதுக்குள்ள அந்த நாற்காலி வேர் விட்டுடும்டி!" என்று கூவுவாள். அவளுடைய மகன் இரண்டு வீடு தள்ளி வசிக்கிறான். அத்தகையோரிடம் வாதிடுவது கண்ணியம் அன்று.

சென்ற இலையுதிர் காலத்தில், தெருக்களை அழகுபடுத்தும் பணிக்கென வெளியூரிலிருந்து வின்ஸ்லோ என்றொரு வடிவமைப்பாளர் வந்தார். கழுத்துத் துண்டு நல்ல துணி, கேள்விகள்தாம் விசித்திரம்.

"இந்த நாற்காலிய யாருங்க போட்டது?"

"நான்தான்."

"எப்பவாவதா, தினமுமா?"

"ஆறு வருஷமா, மழைன்னாலும் பனின்னாலும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உக்கார ஒரு இடமில்லாம ஜனங்க எவ்வளவு ஏங்கிப் போயிருக்காங்க!" என்று தம் உதவியாளரிடம் கூறி, நாற்காலியை நான்கு பக்கமும் படம் எடுத்தார். அது அமர்வதற்கு அன்று என அப்போதே நான் மறுத்திருக்க வேண்டும். ஆனால் பிறர் கண்ணீருக்கு நாமாகவே ஒரு காரணம் கற்பித்துக்கொள்வது உண்டு. அவருடைய கண்ணீருக்கும் ஏதோ சொந்தத் துக்கம்தான் காரணம் என்று எண்ணிவிட்டேன்.

பிறகு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம் நடந்தது. சுவரில் ஊரின் வரைபடம். ஆளுக்கு ஆறு பச்சைப் பொட்டு. "உங்க மனசுக்கு முக்கியமான இடத்துல ஒட்டுங்க" என்றனர். என் மனத்திற்கு முக்கியமான இடம் ஒன்றே ஆதலால் ஆறையும் அங்கேயே ஒட்டினேன். கார்மெல்லா தன்னுடைய ஆறையும் என் கையில் திணித்து, "வெச்சிக்கடி, எனக்கு வேண்டியதெல்லாம் வீட்டுக்குள்ளயே இருக்கு" என்றாள். ரேமண்ட், அந்தப் பன்னிரண்டு பொட்டுகளுக்கும் என்ன பொருள் கொண்டனர் தெரியுமா? இவ்வூர் மக்கள் மிக அதிகமாக விரும்பிக் கேட்ட இருக்கை!

பிப்ரவரியில் வேலையாட்கள் வந்தனர். அவர்களுள் மூத்தவன் நாற்காலியைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான். "மன்னிச்சுக்குங்கம்மா, எங்கம்மாவும் நாற்காலி போடுறவங்கதான். எங்கையால எடுக்க மாட்டேன், நீங்களே எடுத்துருங்க" என்றான். நானே எடுத்தேன். உன் தந்தையின் சவப்பெட்டி குழிக்குள் இறங்கியபோதும் நான் அவ்வாறு நொறுங்கி நின்றதில்லை.

இப்போது அங்கே சிமென்ட் மேடை, செத்த புல் நட்ட இரண்டு தொட்டிகள், ஒரு நீண்ட இருக்கை. எவரும் படுத்துவிடக் கூடாதென்று அதன் நடுவே ஓர் இரும்புக் கம்பி. ஆகையால் அருகருகே அமரும் இருவர், வழக்கில் எதிர்த்தரப்பினர் போல் காட்சியளிக்கின்றனர். நம் தெருவின் சரிவை எவரும் அளக்கவில்லை போலும். மேற்புறம் அமர்ந்தவர் சிறிது நேரத்தில் வழுக்கிக் கம்பியைக் கட்டிக்கொள்கிறார், கீழ்ப்புறம் அமர்ந்தவரோ தொட்டியிலிருக்கும் புல்லுக்கு உறவினராகிறார்.

ஆதலால், பட்டம் பெற்றவனாகிய நீ, அவ்விருக்கையை உடனே அகற்றுமாறு உன் கையொப்பத்துடன் நகராட்சிக்கு ஒரு கண்டனக் கடிதம் எழுத வேண்டும். அது அகலும்வரை, இடமில்லை என்று நீ கூறினால் மறுக்க என்னிடம் சொல்லில்லை. அகராதியை இருமுறை முழுவதும் வாசித்தவள் சொல்கிறேன், ஒன்றுமில்லை.

குளிரில் காதை மூடிக்கொள். கர்த்தர் உன்னையும், நீ நிறுத்தும் இடங்களையும் காப்பாராக.

இங்ஙனம்,
உன் அன்னை,
டோரதி வுகோவிச்

பின்குறிப்பு: கண்டனக் கடிதம் எழுதாதே, எழுதியிருந்தால் கிழித்துவிடு. தபால்பெட்டிக்குப் போகும் வழியில் முழங்கால் வலித்ததால் அவ்விருக்கையில் அமர நேர்ந்தது. அமர்ந்த சற்றைக்கெல்லாம் என் முன்னே ஒரு பேருந்து வந்து நின்று கதவைத் திறந்தது. "நீங்க ஏறலியாம்மா? இனிமே ஸ்டாப் இங்கதான்" என்றார் ஓட்டுநர். கொலம்பஸ் பேருந்து வந்து சேரும் நிலையத்திலிருந்து இது நேராக இங்கே வருகிறதாம். ஆகவே, ரேமண்ட், உனக்கு வண்டி நிறுத்த இடமே வேண்டியதில்லை. ஈஸ்டருக்கு உருளைக்கிழங்கை மாவில் பொதிந்து பியரோகி செய்கிறேன். இருக்கையின் கீழ்ப்புறத்தை உனக்கென ஒதுக்கி, அதன்மேல் மஞ்சள் நாற்காலியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். எவரும் தொடமாட்டார்கள்.