கஜானாக்காரர் புதைத்த கொப்பரை

மேற்கு மாம்பலம்,
ஐப்பசி, 1943

பிரியமுள்ள மைத்துனன் சண்முகசுந்தரத்துக்கு அத்தான் அய்யாதுரை ஆசிகளுடன் எழுதிக்கொண்டது. திருநெல்வேலியில் எல்லாரும் சுகமென நம்புகிறேன். இங்கே நான் சுகமில்லை. உன் அக்காள் இசக்கியம்மாள் கோபித்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பாள். அவள் சொல்வதை முழுக்க நம்பிவிடாதே, முக்கால்வாசிதான் உண்மை.

நடந்தது இதுதான்: நவாபு காலத்தில் எதிரிப் படை வருகிறதென்று கஜானாக்காரர் ஒருவர் கொப்பரை நிறையப் பொன்னை நான் குடியிருக்கும் இந்த வீட்டு மனையில்தான் புதைத்துவிட்டு ஓடினாராம். எனக்கு முன் இந்த வீட்டில் இருந்தவர்கள் எல்லாருமே தோண்டிப் பார்த்திருக்கிறார்கள், நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? புறவாசலில் ஆரம்பித்தேன். இடுப்பளவு போனபோது விமானத் தாக்குதல் எச்சரிக்கைக்காகத் தெருவைச் சுற்றும் ஏ.ஆர்.பி. வார்டன் எட்டிப் பார்த்து, என்ன குழி என்றார். புதையல் என்று சொல்ல முடியுமா? ஜப்பான்காரன் குண்டு போட்டால் பதுங்குவதற்கு என்றேன். மனுஷன் உருகிப்போய் என் கையைக் குலுக்கி, தெருவுக்கே இதுதான் பதுங்குகுழி என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஒத்திகைச் சங்கு ஊதினால் போதும், தெருவே உன் அக்காள் காயப்போட்ட வத்தலை மிதித்துக்கொண்டு வந்து குதிக்கிறது. அப்புறம் மழை பெய்து குழி குளமாச்சு, பால்காரன் எருமை அதுல இறங்கிப் படுத்துக்கிட்டுது. "இன்னா நைனா, எர்மை உள்ள கீது, நீ மேல நின்னுகினு வேடிக்கை பாத்துக்கினு கீறே!"ன்னு அவன் கத்த, அதை இழுக்கப்போய் புறவாசல் சுவரும் போச்சு. சரி, புறவாசல் வேண்டாம்னு அடுப்படியில ஆட்டுக்கல் பக்கத்துல லேசாத்தான் ஒரு குத்து குத்தினேன். ஆட்டுக்கல், அரைச்சுக்கிட்டிருந்த மாவோட உள்ளே போயிருச்சு.

"நீங்க அந்தக் கொப்பரையோடயே குடும்பம் நடத்துங்க!"ன்னு உன் அக்காள் ஒரு கையில டிரங்குப் பெட்டி, மறு கையில என் கடப்பாரையோட ஜட்கா ஏறிட்டா.

தம்பி, நிஜமாச் சொல்றேன், அவள் ஏச்சுக் கேட்காமல் வீடு வீடாகவே இல்லை. நான் வைத்த ரசத்தை அந்த எருமைகூடத் தொடவில்லை. இனி கீரை விதைக்கக்கூட மண்ணைத் தொடமாட்டேன், செந்திலாண்டவன்மேல் ஆணை. எப்படியாவது அவளைச் சமாதானம் பண்ணி ரயிலேற்றி விடு.

உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளர அந்தச் செந்திலாண்டவனே துணையிருப்பான்.

இப்படிக்கு,
உன் அத்தான்
அய்யாதுரை

பின்குறிப்பு: சற்றுமுன் ரசச் சட்டியை இறக்கும்போது கை தவறி அடுப்புப் பக்கம் விழுந்தது. தரைக்கடியில் 'ணங்' என்று கேட்டது. யுத்தகாலம், ஊரில் இரும்பு கிடைக்கவில்லை. அக்காளுக்கு வர மனமில்லை என்றால் வற்புறுத்தாதே. கடப்பாரையை மட்டும் சாக்கில் சுற்றி ரயில் பார்சலில் அனுப்பி வை.